ஊறுகாய்ச் சாடியில் ஊர் வந்தவனுக்கு

சாடியின் மூடியைத் திறந்தால் இன்னும் தவிட்டு வாசம்தான் வருகிறது. இத்தனை வருஷம் என் பட்டறை அலமாரியில், கிரீஸ் டப்பாவுக்கும் பழைய பேரிங்குகளுக்கும் நடுவில் இருந்தும் அந்த வாசம் போகவில்லை. புளித்த தவிடு, உப்பு, அடியில் எங்கேயோ முள்ளங்கி. முதல்முறை அதை முகர்ந்துவிட்டு நீ சொன்னாய்: "எங்க தோட்டத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி வாசமுங்க மாப்ள. காங்கேயத்த உட்டு இவ்வளவு தூரம் வந்தும் அந்தத் தொட்டி நம்மள உடல பாருங்க."

நேற்று வரைக்கும் அந்தச் சாடிக்குள் நீ இருந்தாய். முழுதாக இல்லை, உன் எலும்பில் ஒரு பங்கு. மற்றொரு பங்கைப் பவானிக் கூடுதுறையில் அன்றைக்கே கரைத்துவிட்டார்கள். இந்தப் பங்கை உன் மகன் அன்று வாங்க மறுத்தான். நேற்று அவனே வந்து எடுத்துக்கொண்டு போனான். சாடியை மட்டும் விட்டுவிட்டான். உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இத்தனை நாள் அலமாரியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அங்கே யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் ஊரில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். யாரோ ஒரு கிழவி வீட்டுக் கூரைமேல் நான் உன்னை ஏற்றிவிட்டேன், செத்த பிறகு உடம்பைக் கொண்டுவரச் சோம்பல்பட்டு அங்கேயே எரித்துவிட்டேன், எலும்பை ஊறுகாய்ச் சாடியில் போட்டுக் கொண்டுவந்தேன் என்று. அங்கே எரித்ததும் சாடியும் மட்டும் உண்மை. மற்றதற்கு நான் யாரிடமும் தலை குனியவில்லை. குனியவும் மாட்டேன்.

நாம் போனது தறி கழற்ற. பல்லடத்துத் தறி வியாபாரி ஒருவர் ஜப்பானில் மூடிய நெசவு மில்லின் ஏர்ஜெட் தறிகளை மொத்தமாக வாங்கியிருந்தார். அவற்றைக் கழற்றிக் கன்டெய்னரில் ஏற்றிவிட ஆள் வேண்டும். நீயும் நானும் அந்த வேலைக்குப் பெயர் போனவர்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றதில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கத் தறியோடு வந்த புத்தகத்தில் பார்த்தது. உனக்கு அதுவும் கிடையாது, சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவாய். மார்கழியில் புறப்பட்டோம். பொங்கலுக்குத் திரும்பிவிடலாம் என்று வியாபாரி சொன்னார். உன் மனைவியிடம் நீ, "பொங்கலுக்குக் கரும்பு வாங்கி வெச்சுரு, உரிக்கறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

ஃபுகுயி என்ற மாவட்டம். கடல் ஓரத்தில் ஊர்கள் இருக்கின்றன. நம்மை அனுப்பியது உள்ளே, மலைகளுக்கு நடுவில். எச்சிசென் நாட்டின் உள்பகுதி என்று பழைய பெயரை இன்னும் சொல்கிறார்கள். ஒன்பது தலை நாகம் என்று பொருள்படும் பெயரில் ஒரு ஆறு. இறங்கின அன்றைக்கு ஆற்றைத் தவிர எல்லாம் வெள்ளை. வயல் எது, சாலை எது, வீட்டு வாசல் எது என்று தெரியவில்லை. "சுண்ணாம்புக் காளவாய்க்குள்ள வந்து உழுந்துட்டமுங்க" என்றாய். மில்லைக் கவனித்துக்கொண்ட பையன், முப்பது வயதுக்காரன், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவான், நம்மை ஒரு விடுதிக்குக் கூட்டிப்போனான். விடுதி என்றால் ஒரு வீடு. அதை நடத்தியவள் எண்பது தாண்டிய ஒருத்தி, தனியாள். அவள் பெயரைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நீ முதல் நாளே "ஆத்தா" என்று கூப்பிட்டாய். அதுதான் தன் பெயர் என்பதுபோல அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கடைசி வரைக்கும் ஆத்தாதான்.

அவளோடு பேசினதெல்லாம் என் போன் வழியாக. அவள் அதில் ஜப்பான் பாஷையில் பேசுவாள், போன் தமிழில் சொல்லும். அந்தத் தமிழ் ரேடியோச் செய்தி வாசிப்பவரின் தமிழ். அவள் உன் ஈரச் செருப்பைக் கண்டு கத்துவாள், போன் நிதானமாக, "தயவுசெய்து காலணிகளை வெளியே வையுங்கள்" என்னும். நீ அந்தப் போனையே முறைப்பாய். "ஆத்தா வையறது நல்லாத் தெரியுது, இந்தப் புள்ள எதுக்குங்க பூசி மொழுகுது?"

அவள் பிறந்த ஊர் இன்னும் மேலே மலையில் இருந்ததாம், இப்போது அணைக்குள் இருக்கிறது. அதைக் கேட்டதும் நீ பவானிசாகருக்குள் போன உன் தாத்தா காட்டைப் பற்றிச் சொல்லி, நானும் போனும் சேர்ந்து அதை அவளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பதினைந்து வயதில் மலையிலிருந்து இறங்கி மில்லுக்கு வந்தவள் அவள். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் பட்டு நெசவு. மலைக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை ஆள் வைத்துக் கூட்டிவந்து மில்லுக்குள்ளேயே தங்கவைத்து வேலை வாங்கினார்கள். அப்படி ஒரு மில்லை இப்போது காட்சிக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள், அந்தப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனான். நூல் சுற்றும் மரச் சக்கரங்களைத் துடைத்து மெருகேற்றி வைத்திருந்தார்கள். நம்மோடு வந்த ஆத்தா ஒரு சக்கரத்தின் பக்கத்தில் போய், கையை எங்கே வைத்துக்கொண்டு நிற்க வேண்டுமோ அங்கே வைத்து நின்று காட்டினாள். உட்கார விடமாட்டார்கள் என்றாள். பனிக்காலத்தில் அழுதால் கண்ணீரைத் துடைக்கவும் கை ஒழியாது என்றாள். உன் தங்கை இங்கே நம் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் இருந்து இருமலோடு திரும்பி வந்து போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியும். வெளியே வந்ததும், "மிசினத் தொடச்சு வெச்சுட்டாங்க. ஆளுகள எங்க வெச்சாங்கன்னு கேளுங்க மாப்ள" என்றாய். நான் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு அது தெரிந்திருக்காது.

அங்கே உனக்குப் பிடித்தது சாப்பாடு. எனக்கு வாயில் வைக்க முடியாத பலதை நீ வழித்துத் தின்றாய். கறுத்த தானியத்தில் சேமியா மாதிரி ஒன்று செய்வார்கள், சோபா என்று பெயர். வெளியே பனி கொட்டும்போது அதைக் குளிரக் குளிர, துருவின முள்ளங்கிச் சாற்றை மேலே ஊற்றித் தின்பார்கள். மூக்கு வரைக்கும் காரம் ஏறும். "ராகிச் சந்தகைய ஐஸுல போட்ட மாதிரி இருக்குது, ஆனாக் குத்தஞ் சொல்றதுக்கில்ல" என்று இரண்டாம் தட்டுக் கேட்டாய். அயிரை மீனில் ருசி கண்டவனுக்கு அங்கே கானாங்கெளுத்தி கிடைத்தது. அதை உப்பும் தவிடும் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் அமுக்கி வைத்து, துளி எடுத்துச் சோற்றில் வைத்துக்கொள்வார்கள். நம் கருவாட்டுக்கு அண்ணன். குளிர்காலத்தில்தான் தின்பார்களாம் ஒரு இனிப்பு, காராமணி நிறத்தில் களி மாதிரி, தொட்டால் சில்லிடும். முள்ளங்கியையும் கத்தரிக்காயையும் தவிட்டுக்குள் புதைத்து வைக்கும் சாடி சமையலறை மூலையில் இருந்தது. பழுப்பு நிறம், கழுத்தில் ஒரு பச்சைக் கோடு. ஆத்தா காலையும் மாலையும் முழங்கை வரைக்கும் கையை விட்டு அந்தத் தவிட்டைக் கிளறிவிடுவாள். கை படாவிட்டால் கெட்டுவிடும் என்பாள். அந்தச் சாடிதான் இது.

அப்புறம் சேப்பங்கிழங்கு. நம் ஊர்ச் சேப்பங்கிழங்கேதான். அந்தப் பள்ளத்தாக்கில் அதற்குப் பெரிய பேர். சின்னதாக, உருண்டையாக, தோல் சீவி இனிப்பும் உப்புமான சாற்றில் வேகவைத்து ஒரு கிண்ணத்தில் வைப்பாள். போர்வை போர்த்தின குட்டை மேசைக்கு அடியில் ஹீட்டர் இருக்கும், காலை உள்ளே விட்டுக்கொண்டு மூவரும் உட்காருவோம். எனக்கு அவர்கள் சாப்பிடுகிற குச்சி ஓரளவு வசப்பட்டிருந்தது. ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு இதென்ன என்று நீயும் பிடிவாதமாகப் பிடித்தாய். கிழங்கு வழுக்கி வழுக்கிக் கிண்ணத்துக்குள் ஓடியது. ஒரு வழியாக ஒன்றைக் கவ்வித் தூக்கிவிட்டாய். அந்தச் சந்தோஷத்தில் அதை நீ தின்னவில்லை. நம் ஊர்ப் பழக்கம், நல்லதாக எது கிடைத்தாலும் பக்கத்து இலைக்குப் போகும். குச்சியோடு என் பக்கம் நீட்டினாய். "புடிங்க மாப்ள. நானே புடிச்சது."

நானும் என் குச்சியை நீட்டி அதைக் கவ்வினேன். கிழங்கின் ஒரு பக்கம் உன் குச்சி, மறுபக்கம் என் குச்சி.

ஆத்தா மேசையை ஓங்கி அறைந்தாள். கிழங்கு விழுந்து போர்வையில் உருண்டது. அவள் முகத்தில் இருந்தது கோபம் என்று நினைத்தோம், இப்போது யோசித்தால் அது பயம். படபடவென்று என்னவோ சொன்னாள். போன் தன் ரேடியோக் குரலில், "அப்படிச் செய்யக் கூடாது. அது இறந்தவருக்குச் செய்வது" என்றது. அதற்குமேல் அவள் விளக்கவில்லை. கிழங்கை எடுத்துத் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றினாள். நீ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஒரு கெழங்கக் குடுத்ததுக்கு இவ்வளவு ஏச்சா ஆத்தா" என்றாய். அவளுக்கு அது விளங்கவில்லை, ஆனால் உன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துவிட்டாள். உன் தட்டில் அவளே ஒரு கிழங்கை வைத்தாள். நீ அடுத்த நாளே பதிலுக்கு அவள் குக்கரில் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிப் போட்டாய். கொண்டுபோயிருந்த நெய்யை முழுக்க ஊற்றினாய். அவள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

வேலை நன்றாக நடந்தது. முதல் தறியில் ஸ்பேனர் வைக்கும் முன் நீ சூடம் கொளுத்தி, புகை மணி அலறி, அந்தப் பையன் பக்கெட்டோடு ஓடிவந்தான். பிறகு அவனே தினமும் மணியை அணைத்துவிட்டு உனக்காகக் காத்து நின்றான்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். வானத்தைத் தொடுகிற மரங்கள், தரை முழுக்கப் பாசி, அன்று பாசிக்குமேல் பனி. ஆயிரக்கணக்கான சாமியார்கள் இருந்து ஊரை ஆண்ட இடம் அது என்றான் பையன். வரி தாங்காமல் குடியானவர்கள் எழுந்து வந்து அதைக் கொளுத்திவிட்டார்கள். அவர்கள் நின்று சண்டையிட்ட குன்றுக்கு வென்ற மலை என்று பெயர் ஆகி, அதுவே ஊருக்கும் பெயராகிவிட்டதாம். குடியானவன் ஜெயித்ததற்கு ஒரு ஊர்ப் பெயரே இருக்கிறதா என்று நீ அந்தப் பையனிடம் இரண்டு தடவை கேட்டாய். திரும்பும் வழியில் மலையடிவாரத்தில் தனியாக, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டடம். ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். சுடுகாடு என்றான் பையன். நீ கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதிக்கொண்டே சொன்னாய்:

"நாஞ் செத்தா என்னைய இங்கயே எரிச்சுப்போட்டுப் போங்க மாப்ள. மூணு வாரத்துல இன்னைக்குத்தான் ஒடம்பு சூடாச்சுன்னு சந்தோசமாப் போயிருவேன்."

சிரித்தோம். பையன் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டான். நான் சொல்லவில்லை. சுடுகாட்டைப் பார்த்துச் சிரிக்கிற ஆட்கள் என்று நினைத்துக்கொள்வானே என்று. சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்.

தை பிறந்தது. பொங்கலும் போனது. வேலை பாக்கி இருந்தது, பனியும் நிற்கவில்லை. அங்கே கூரைப் பனியை வருஷத்துக்குச் சில தடவை ஆள் ஏறி வெட்டித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் வீடு உட்கார்ந்துவிடும். ஆத்தா வீட்டுக் கதவுகள் சிக்க ஆரம்பித்தன. கூரை அமுக்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வழக்கமாக ஏறுகிற ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். நாளைக் காலையில் நானே ஏறுகிறேன் என்றாள் அவள், சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே. நீ, "ரெண்டு ஆம்பளைங்க உக்காந்து தின்னுட்டு இருக்கையில ஆத்தா ஏறுறதாக்கும்" என்றாய். நான் பையனுக்குப் போன் போட்டேன். கயிறும் பலகையும் கொண்டு வருகிறேன், கயிறு கட்டாமல் யாரும் ஏறக் கூடாது, தனியாக ஏறவே கூடாது, எட்டு மணிக்கு வந்துவிடுவேன் என்றான். இதை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். நம் தமிழில், போன் தமிழில் இல்லை. "சரிங்க மாப்ள" என்றாய்.

காலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நீ ஏணி வைத்தது எனக்குத் தெரியாது. ஆத்தா மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டாளாம். அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நீ ஏறினாயாம். வீடே உறுமின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

பனி பஞ்சு மாதிரி என்று நாம் நினைக்கிறோம். கூரையிலிருந்து மொத்தமாக இறங்கின பனி அடுத்த நிமிஷமே சிமெண்ட். நான் கையால் தோண்டினேன். அக்கம்பக்கத்துக் கிழவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள், ஊரில் இருந்ததே கிழவர்கள்தான். ஆத்தா வெறுங்காலோடு நின்று, விரல் கிழியத் தோண்டினாள். உன்னை எடுத்தபோது உன் முகத்தில் ஒரு கீறல் இல்லை. மூச்சும் இல்லை.

கயிறு வரும் வரை காத்திருக்க உன்னால் முடியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் உன்னை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. சாடியைப் பார்த்து இதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

உன் மகனுக்கு நான்தான் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, "ஒடம்பக் கொண்டாங்க மாமா. என்ன ஆனாலும் கொண்டாங்க" என்றான். வியாபாரிக்குப் போன் போட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள், வாரக்கணக்கில் ஆகும், பதப்படுத்த வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு இது, இதற்கு அது என்றார். அதோடு, "கன்டெய்னர் வந்து நிக்குதுங்க, தறி ஏறோணுமுங்க" என்றும் சொன்னார். அதற்கு மறுநாள் அவர் போனை எடுக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியின் குளிர் அறையில், இழுப்பறைக்குள் கிடந்தாய். குளிரில் கிடக்க உனக்கு எவ்வளவு வெறுப்பு என்று அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் முடிவு செய்தேன். உன் மகனிடம் கேட்கவில்லை, சொன்னேன். அவன் கத்தினான். "நீங்க யாருங்க முடிவு பண்ண? கொள்ளி வெக்கறவன் நானு." உங்கப்பன் இங்கேதான் எரிக்கச் சொன்னான் என்றேன். "எங்கப்பன் எப்பச் சொன்னாரு? உங்ககிட்ட எப்பச் சொன்னாரு?" எப்படிச் சொன்னாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டாகச் சொன்னதைப் போய் உயில் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தீர்களா என்று அவன் கேட்டால் அதற்கு என்னிடம் பதில் உண்டு. நீ எதையும் விளையாட்டாகத்தான் சொல்வாய். சொன்னதை மாற்றிச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும் அப்படித்தான். அந்தப் பதில் அவனுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். எனக்குப் போதும்.

அந்தப் பையன் கொடுத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தச் சாம்பல் கட்டடத்துக்குப் போனேன். ஆத்தா கறுப்புக் கிமோனோவில் வந்தாள். முதுகு அன்று இன்னும் கூனியிருந்தது. சூடம் கொளுத்தக் கேட்டேன், உள்ளே முடியாது என்றார்கள். வாசலில், பனியில் கொளுத்தினேன். நம் ஊரில் கொள்ளி வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். அங்கே காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பிறகு கூப்பிட்டு, தட்டில் உன்னைக் காட்டினார்கள்.

வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் எனக்கும் ஆத்தாவுக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி நீளக் குச்சி கொடுத்தார். ஒன்று மூங்கில், ஒன்று மரம். காலிலிருந்து தொடங்க வேண்டும். தலையைக் கடைசியாக வைத்தால்தான் குடுவைக்குள் செத்தவர் நேராக உட்கார்ந்திருப்பார். ஒரே எலும்பை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. ஆத்தா தன் குச்சியால் உன் கால் எலும்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தக் கிழங்குக்கு அவள் ஏன் மேசையை அறைந்தாள் என்று. நான் மறுமுனையைப் பிடித்தேன். பிடியைத் தளர்த்தவில்லை. தளர்த்தினால் நீ விழுந்துவிடுவாய்.

வெள்ளைப் பீங்கான் குடுவை சின்னது. நிரம்பியதும் கையுறைக்காரர் குனிந்து வணங்கி, முடிந்தது என்றார். தட்டில் பாதிக்கு மேல் நீ கிடந்தாய். மீதி என்று கேட்டேன். மீதியை நாங்கள் மரியாதையோடு பார்த்துக்கொள்வோம், இந்தப் பக்கத்தில் கொஞ்சம்தான் எடுத்துப்போவார்கள், அதுவே வழக்கம் என்றது போன். முடியாது என்றேன். கன்டெய்னர்காரன் தறியில் ஒரு போல்ட் விட்டால் கேட்கிறான், இவனை எப்படி விட்டுப்போவது? தரையில் உட்கார்ந்துவிட்டேன். பையனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. வேறு குடுவை உடனே கிடைக்காது என்றார்கள். அவர்களுக்கு என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆத்தாதான் எழுந்து வெளியே போனாள். யார் வண்டியிலோ போய்த் திரும்பி வந்தாள். அவள் கையில் இந்தச் சாடி இருந்தது. தவிட்டைக் கொட்டிக் கழுவி, ஈரம் போகத் துடைத்திருந்தாள். மாமியார் காலத்திலிருந்து கிளறி வந்த தவிடு அது. என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, குச்சியை மறுபடி கையில் எடுத்தாள்.

உன் ஊரில் அவளைத் திட்டச் சொல்கிறார்கள். நான் திட்டவில்லை.

மிச்சத் தறிகளை நான் ஒருவனாகக் கழற்றி ஏற்றினேன். அவை இப்போது பல்லடம் பக்கம் ஓடுகின்றன. அந்தத் தறி ஷெட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. உன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், ஏரோப்ளேனில் மடியில் ஒன்று, காலுக்கு நடுவில் ஒன்று. உன் வீட்டு வாசலில் சனம் கூடியிருந்தது. உன் மகன் வெள்ளைக் குடுவையை வாங்கிக்கொண்டான். சாடியைப் பார்த்தான்.

"இதென்னங்க?"

"இதுவும் உங்கப்பன்தான்."

"ஊறுகாச் சாடியிலயா?" உன் பங்காளி ஒருவர் பின்னால் நின்று மூக்கைப் பொத்தினார். "தவுட்டு நாத்தம் அடிக்குது. இதெல்லாம் வாசப்படி தாண்டப்படாது. ஒருக்காத்தான் கரைக்கோணும், ஒரே கலயந்தான்" என்றார். உன் மகன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பாதியச் சாமி மாதிரியும் பாதிய ஊறுகா மாதிரியும் கொண்டாந்து குடுக்கறீங்களே. அத நீங்களே வெச்சுக்குங்க" என்றான். உள்ளே உன் மனைவி உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. சாடியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். நாய் உருட்டியிருக்கும். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்களே கொண்டுபோய்க் கரைத்துவிடுங்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். மகன் இருக்கும்போது நான் எதற்குக் கரைக்க வேண்டும்? அவன் வந்து பிடிக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். வீட்டுக்குள் வைக்க என் மனைவி விடவில்லை, அதனால் பட்டறையில்.

நேற்று வந்தான். கையில் புது மண்கலயமும் வெள்ளைத் துணியும். நரைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன், வாசலிலேயே நின்றான்.

"அம்மா படுத்த படுக்கையா இருக்குதுங்க. அவரு முழுசாப் போகாம நானெப்படிப் போறதுன்னு கேட்டுட்டே இருக்குது. அதக் குடுங்க மாமா."

சாடியை இறக்கினேன். அவன் கலயத்தைத் தரையில் வைத்து, சாடியைக் கவிழ்க்கக் கை நீட்டினான். தடுத்தேன்.

"கொட்டப்படாது. எடுத்து வெக்கோணும். ரெண்டு பேரா."

"எங்கூர்ல அப்படியெல்லாம் இல்லீங்க."

"அவன் வந்த ஊர்ல உண்டு."

குச்சிகளை எடுத்தேன். அன்று எலும்பு எடுத்த அதே இரண்டு ஜோடி, ஆத்தா என்னிடம் கொடுத்தனுப்பியது. அவன் முகம் சிவந்தது. "எனக்கு இதெல்லாம் புடிக்கத் தெரியாதுங்க."

"உங்கப்பனுக்கும் தெரியாது."

பட்டறைத் தரையில், இரும்புத் தூளில், வேட்டியோடு உட்கார்ந்தான். விரலை எங்கே வைப்பது என்று காட்டினேன். முதல் எலும்பு அவன் குச்சியிலிருந்து நழுவிச் சாடிக்குள்ளேயே விழுந்தது. கெட்ட வார்த்தை சொல்ல வந்து விழுங்கிக்கொண்டான். இரண்டாம் முறை பிடித்தான். நான் மறுமுனையைப் பிடித்தேன். தூக்கிக் கலயத்தில் வைத்தோம். அப்புறம் ஒவ்வொன்றாக. பாதியில் தலை நிமிராமலே கேட்டான்.

"அங்க எரிக்கச் சொன்னாருன்னீங்களே. என்னன்னு சொன்னாருங்க?"

சொன்னேன். மற்றக் கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதிக் காட்டி, நீ சொன்ன மாதிரியே, ஒரு சொல் விடாமல். அவன் சிரிக்கவில்லை. குச்சியில் எலும்பு இருந்தது, அதனால் இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம். "அவருதான்" என்றான் கடைசியில். எலும்பைக் கலயத்தில் வைத்தோம்.

குச்சிக்கு அகப்படாத தூளைச் சாடியைச் சாய்த்துத் தட்டி எடுத்தான். துணியால் கட்டினான். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். "இந்தக் கையோட குடிக்கப்படாதுங்க அத்தை" என்றான். அது காரணமா, சாக்கா என்று எனக்குத் தெரியவில்லை. கூடுதுறைக்கு நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. வாங்க என்று அவனும் கூப்பிடவில்லை. கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினான். சாடியைக் காட்டி, இது என்றேன். "அதுல வேண்டாமுங்க" என்றான்.

இந்நேரம் நீ ஆற்றில் போயிருப்பாய். உன் மனைவிக்கு இனித் தடையில்லை. ஆத்தா வீடு பூட்டிக் கிடக்கிறது என்றும், அவளை முதியோர் விடுதியில் சேர்த்துவிட்டார்கள் என்றும் அந்தப் பையன் முன்பே எழுதியிருந்தான். போன பனிக்காலத்தில் கூரையை வெட்ட ஆள் இல்லாமல் வீடு உட்கார்ந்துவிட்டதாம்.

சாடியை ஊர் எல்லையில் போட்டுவிட்டு வரச் சொல்கிறாள் என் மனைவி. போட மாட்டேன். கழுவவும் மாட்டேன். அதன் உள்பக்கம் பூச்சில் மெல்லிய வெடிப்புகள் உண்டு, தூள் அதற்குள் இறங்கியிருக்கிறது. அதைத் தட்டி எடுக்க யாராலும் முடியாது.

இன்று மத்தியானம் அவள் சேப்பங்கிழங்கு வறுத்திருந்தாள். சந்தையில் நல்லதாகக் கிடைத்ததாம். முறுகலாக வந்த ஒன்றைக் கரண்டியில் எடுத்து என் பக்கம் நீட்டினாள். என் கையிலும் கரண்டி இருந்தது. அது தானாகப் போய் அந்தக் கிழங்கின் மறுபக்கத்தைத் தொட்டது. தொட்டதும் நின்றது. இரண்டு கரண்டிக்கு நடுவில் கிழங்கு அப்படியே இருந்தது. "என்னங்க, புடிங்க" என்றாள்.

இலையில் போடு, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.